அப்பாவுக்கு 60, அம்மாவுக்கு 55: சொகுசுக் கப்பல் டிக்கெட்டில் சீனியர் சலுகை யாருக்குக் கிடைக்கும்?

திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்து, குடும்பம் வேளச்சேரிக்குத் திரும்பியாச்சு. அடுத்து என்ன பரிசு கொடுக்கலாம் என்று யோசிக்கும் மகளின் போனில் சொகுசுக் கப்பல் விளம்பரம் வந்து நிற்கிறது. "அப்பா, நீங்களும் அம்மாவும் ஒரு தடவை கப்பல்ல போயிட்டு வாங்களேன்" என்கிறாள். அப்பாவிடம் இருந்து வரும் முதல் பதில்: "எதுக்கும்மா வீண் செலவு? சீனியர் சிட்டிசன்னு ஏதாவது குறைச்சுக் குடுப்பாங்களான்னு முதல்ல பாரு."

நியாயமான கேள்விதான். ஆனால், கப்பல் டிக்கெட்டில் இந்தக் கேள்விக்கு 'உண்டு', 'இல்லை' என ஒரே வார்த்தையில் பதில் கிடைக்காது. சலுகை எந்த வயதில் தொடங்குகிறது, யாருக்குக் கிடைக்கிறது, எந்தத் தொகையில் கழிகிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும் என்பதை முடிவு செய்கின்றன.

கப்பல் எங்கிருந்து கிளம்புகிறது?

சென்னைவாசிகளுக்குச் சொகுசுக் கப்பல் பயணம் என்பது ஒருகாலத்தில் சிங்கப்பூர் போய் ஏறும் விஷயமாகத்தான் இருந்தது. 2022 ஜூன் 4-ம் தேதி, கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலின் பயணத்தைச் சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையில் இருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை துறைமுகங்களுக்கும் பயணத்தைத் தொடங்கியது.

இரண்டுமே ஜூன் மாதத்தில் நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மும்பை பக்கம் அரபிக் கடல் கொந்தளிக்கும். அந்த நேரத்தில் கப்பலை வங்கக் கடல் பக்கம் கொண்டுவந்து ஓட்டுவது நிறுவனத்துக்கு வசதி. அதனால், சென்னையில் இருந்து ஏற நினைப்பவர்கள் வருடம் முழுக்கத் தேடாமல், பருவமழை மாதங்களுக்கான அட்டவணையைக் கவனிப்பது நல்லது.

வேளச்சேரியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சின்ன லாபமும் உண்டு. பறக்கும் ரயில் நேராகக் கடற்கரை நிலையம் வரை போகும். துறைமுகம் ராஜாஜி சாலையின் எதிர்ப்புறம்தான். பெரிய பெட்டிகளும் மூட்டுவலியும் இருந்தால் மட்டும் கால்டாக்ஸி.

ரயில் சலுகை போலத்தானே?

இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் மனதில் இருப்பது ரயில் சலுகை. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம் என்று ரயில்வே கொடுத்தது. எந்த கவுன்ட்டரில் கேட்டாலும் அதே கணக்கு. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட அந்தச் சலுகை ஐந்து ஆண்டுகள் கடந்தும் திரும்பவில்லை. சென்னையில் 60 வயது கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் கொடுப்பதும் இதே போன்ற அரசுத் திட்டம்தான்.

கப்பல் நிறுவனம் தனியார் வியாபாரம். மூத்த குடிமக்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. அப்புறம் ஏன் சலுகை தருகிறார்கள்? கப்பல் கிளம்பிய பிறகு காலியாக இருக்கும் கேபினால் ஒரு ரூபாய்கூட வராது. வார நாட்களில், பள்ளி நடக்கும் மாதங்களில் லீவு கேட்காமல் வரக்கூடியவர்கள் பணி ஓய்வு பெற்றவர்கள்தான். அவர்களை இழுக்க ஒரு தள்ளுபடி. அதனால்தான் காலியிடம் அதிகம் உள்ள பயணங்களில் சலுகை தாராளமாக இருக்கும். மே மாத லீவு, தீபாவளி, புத்தாண்டுப் பயணங்களில் காணாமல் போய்விடும்.

'சீனியர்' என்றால் எத்தனை வயது?

இந்தியச் சட்டப்படி மூத்த குடிமக்கள் என்றால் 60 வயது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ம் ஆண்டுச் சட்டத்திலும், வருமான வரியிலும் அதுதான் கணக்கு. ஆனால், உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களான ராயல் கரீபியன், கார்னிவல் இரண்டிலும் சீனியர் கட்டணம் 55 வயதிலேயே தொடங்குகிறது. அங்கே அம்மாவும் சீனியர்தான்!

இன்னொரு வித்தியாசம், சலுகை ஆளுக்கா, கேபினுக்கா என்பது. ராயல் கரீபியனில் கேபினில் தங்கும் ஒருவருக்காவது 55 வயது ஆகியிருந்தால் போதும் என்பது விதி. வேறு சில இடங்களில் வயது வந்தவரின் கட்டணத்தில் மட்டும்தான் கழிப்பார்கள். அப்பாவுக்கு 60, அம்மாவுக்கு 55 என்று இருக்கும் வீட்டில் இந்த ஒரு விதியே பில்லை மாற்றிவிடும்.

ஆனால் வெளிநாட்டு நிறுவனங்களின் சீனியர் கட்டணம் எல்லாப் பயணங்களுக்கும் கிடையாது. எந்த நாட்டில் இருந்து புக் செய்கிறோம் என்பதைப் பொறுத்தும் மாறும். அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்குத் திரையில் தெரியும் விலை, வேளச்சேரியில் இருக்கும் தங்கைக்குத் தெரியாமல் போகலாம். இரண்டு பேரும் தனித்தனியாகத் தேடிப் பார்த்து, இந்தியாவில் வசிக்கும் பெற்றோருக்கு அந்தக் கட்டணம் பொருந்துமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தள்ளுபடி எதில் கழிகிறது?

பலரும் ஏமாறுவது இங்கேதான். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் சதவீதம் பெரும்பாலும் கேபின் கட்டணத்துக்கு மட்டும்தான். துறைமுகக் கட்டணம், கப்பல் ஊழியர்களுக்கான கிராஜுவிட்டி, ஜிஎஸ்டி எல்லாம் தனி. விமானத்திலும் இதே கதைதான். ஏர் இந்தியா 2022 செப்டம்பரில் மூத்த குடிமக்கள் சலுகையை 50 சதவீதத்தில் இருந்து 25 சதவீதமாகக் குறைத்தது. அதுவும் அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான்.

புரிவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு. ஆளுக்குக் கேபின் கட்டணம் 30,000 ரூபாய், இதர கட்டணங்கள் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டியை இப்போதைக்கு விட்டுவிடலாம். இரண்டு பேருக்கு மொத்தம் 72,000.

• 10 சதவீதச் சலுகை அப்பாவுக்கு மட்டும் என்றால்: 3,000 ரூபாய் மிச்சம். மொத்தத்தில் இது 4 சதவீதம்தான்.

• கேபினில் உள்ள இரண்டு பேருக்கும் என்றால்: 6,000 ரூபாய் மிச்சம்.

• சீனியர் சலுகையே இல்லாமல், ஆளுக்கு 25,000 ரூபாய்க்கு வார நாள் பயணம் கிடைத்தால்: 10,000 ரூபாய் மிச்சம்.

ஆக, 'சீனியர் டிஸ்கவுண்ட்' என்ற வார்த்தையைத் தேடிப் போனவர் 3,000 ரூபாயோடு திரும்பலாம். தேதியை மாற்றிப் பார்த்தவருக்கு 10,000 மிஞ்சலாம். பணி ஓய்வு பெற்ற அப்பாவுக்கு வயது தருவதைவிட, அவர் கையில் இருக்கும் ஓய்வு நேரம் பெரிய தள்ளுபடி.

தனியாகப் போகும் அம்மாவுக்கு?

விளம்பரங்கள் எல்லாமே தம்பதிகளைக் காட்டுகின்றன. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவை மட்டும் அனுப்ப நினைத்தால் கணக்கு கசக்கும். கப்பல் கேபின்கள் இரண்டு பேர் தங்குவதாக வைத்தே விலை போடப்படுகின்றன. ஒருவர் மட்டும் தங்கினால், காலியான படுக்கைக்கும் சேர்த்து வசூலிப்பார்கள். சில பயணங்களில் இது இரண்டு ஆள் கேபின் கட்டணம் முழுவதுமாகவே இருக்கும்.

மேலே சொன்ன அதே கணக்கில், தனியாகப் போகும் அம்மாவுக்கு 60,000 கேபின் கட்டணம், 6,000 இதர கட்டணம் என 66,000 ரூபாய். 10 சதவீதச் சலுகை முழுக் கேபின் கட்டணத்துக்கும் கிடைத்தால்கூட 60,000. அதே அம்மா, சித்தியையோ பெரியம்மாவையோ சேர்த்துக்கொண்டு போனால் சலுகையே இல்லாமல் ஆளுக்கு 36,000தான். துணையும் ஆச்சு, செலவும் குறைஞ்சாச்சு. அதனால் 'சீனியருக்கு எவ்வளவு குறைப்பீங்க?' என்று கேட்பதற்கு முன், 'ஒருத்தர் மட்டும் தங்கினா எவ்வளவு?' என்று கேட்க வேண்டும்.

அடையாள அட்டையில் என்ன தேதி?

அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த தேதிதான் பலருக்கும் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் இருக்கிறது. வீட்டில் ஜாதகப்படி அறுபது முடிந்திருக்கும். ஆவணத்தில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருக்கும். சலுகைக்கு ஆவணத் தேதிதான் செல்லும். புக் செய்யும் நாளில் 60 ஆகியிருக்க வேண்டுமா, கப்பல் ஏறும் நாளிலா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

பெயரிலும் கவனம் தேவை. ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் விரிவாக என்று இருந்தால், எந்த ஆவணத்தைக் காட்டி ஏறப்போகிறார்களோ அதில் உள்ளபடியே டிக்கெட்டிலும் இருக்கட்டும். இலங்கை, சிங்கப்பூர் என்று போனால் பாஸ்போர்ட் கட்டாயம்.

மலிவான டிக்கெட்டின் மறுபக்கம்

ரொம்பக் குறைந்த விலையில் வரும் டிக்கெட்டுகளில் பல, ரத்து செய்தால் பணம் திரும்பாதவை. முப்பது வயதுக்காரருக்கு அது பெரிய சிக்கல் இல்லை. ஆனால் 65 வயது அப்பாவுக்குப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு திடீரென ஆஸ்பத்திரி செலவு வந்தால், 5,000 மிச்சம் பிடிக்கப் போய் மொத்தமும் போய்விடும். எத்தனை நாள் முன்பு ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

கப்பலில் டாக்டர் இருப்பார்; ஆனால் அவரைப் பார்க்கத் தனிக் கட்டணம். வெளிநாட்டுப் பயணம் என்றால் டிராவல் இன்ஷூரன்ஸ் அவசியம். வயது கூடக்கூட அதன் பிரீமியமும் கூடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை மறைக்காமல் சொல்லி பாலிசி எடுப்பதுதான் பாதுகாப்பு. இந்தப் பிரீமியத்தையும் பயணச் செலவில் சேர்த்துப் பாருங்கள்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் என்ற பெயரில் ஒரு தொகை பிடிப்பார்கள். பயந்துவிட வேண்டாம். அது யார் பான் எண்ணில் பிடிக்கப்பட்டதோ, அவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம். வரியே இல்லாதவர் திரும்பப் பெறலாம். அப்பா கணக்கு தாக்கல் செய்யாதவர் என்றால், யார் பான் எண்ணைக் கொடுப்பது என்று வீட்டில் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

'பரிசு விழுந்திருக்கு சார்'

மாலில் கூப்பன் நிரப்பியவர்களுக்குச் சில நாட்களில் ஒரு போன் வரும். "கப்பல் டூர் ஃப்ரீ, தம்பதியா வந்து வாங்கிக்குங்க" என்பார்கள். போனால் பல மணி நேரப் பேச்சும், லட்சக்கணக்கில் கிளப் மெம்பர்ஷிப்பும் காத்திருக்கும். 'சீனியர் சிட்டிசன் ஸ்பெஷல்' என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தாலும் அதில் பணம் கட்ட வேண்டாம். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அதே பயணமும் அதே விலையும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பணம் பறிபோனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். சொன்ன சலுகையைத் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முதியோர் எந்த உதவிக்கும் தொடர்புகொள்ள 14567.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

1. சீனியர் கட்டணம் எத்தனை வயதில் தொடங்குகிறது? அந்த வயது எந்த நாளில் ஆகியிருக்க வேண்டும்?

2. சலுகை ஆளுக்கா, கேபினுக்கா?

3. வங்கி கார்டு ஆஃபரையும் இதையும் சேர்த்துப் பயன்படுத்த முடியுமா? முடியாது என்றால் எதில் அதிகம் குறைகிறது?

4. துறைமுகக் கட்டணம், கிராஜுவிட்டி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு?

5. மதுபான பேக்கேஜ், இறங்கும் ஊரில் சுற்றிப்பார்க்கும் டூர் போன்றவை டிக்கெட்டோடு ஒட்டி வருகின்றனவா? வேண்டாம் என்றால் நீக்க முடியுமா?

6. ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்?

7. கீழ்த்தளத்தில், லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் கேபின் கிடைக்குமா? கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவாகத் தெரியும். இதற்குக் கூடுதலாக ஆயிரம், இரண்டாயிரம் கொடுப்பதில் தவறில்லை.

பதில்களை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. கடைசித் தொகை வரும் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொல்ல வேண்டியது சதவீதம் அல்ல. ஒரு தேதியும் ஒரு மொத்தத் தொகையும்தான். "செவ்வாய்க்கிழமை கிளம்பினா பத்தாயிரம் குறையுதுப்பா" என்றால், வீண் செலவு என்று சொன்னவரே பெட்டியை எடுத்துத் தூசி தட்டத் தொடங்கலாம்.