பனிக்காலத்தில் வண்டியை எவ்வளவு நேரம் சூடு பண்ணணும்?



மார்கழி பிறந்துவிட்டால் நம் நீலகிரியில் விடியற்காலை வேலை எப்படி இருக்கும் என்று கீழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா மாதிரி பள்ளமான இடங்களில் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இறங்கும். புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். ஆனால் கேரட் பனிக்குக் காத்திருக்குமா? இருட்டோடு பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு வண்டி கிளம்பியாக வேண்டும்.

வங்கிக் கடனில் பிக்கப், குட்டி யானை என்று சரக்கு வண்டி வாங்கி ஓட்டும் குழுக்கள் நம்மிடம் இருக்கின்றன. பனிக்காலம் வந்தாலே அவர்களிடமிருந்து ஒரே மாதிரி கேள்விதான் வருகிறது. "காலைல டிரைவர் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு அரை மணி நேரம் அப்படியே ஓட விடறார்க்கா. கேட்டா என்ஜின் சூடாகணும்ங்கறார். டீசல் காசு குழுக் கணக்குல போகுது. இது நிஜமாவே வேணுமா?" ஒரு குழுவில் இதற்காகக் கூட்டத்திலேயே வாக்குவாதம் நடந்திருக்கிறது. அதனால் இந்த மாதம் இதையே எழுதுகிறோம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அரை மணி நேரம் வேண்டாம். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் போதும். உறைபனி விழுந்த காலையில் இரண்டு நிமிடம் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடாக்க வேண்டும். ஏன் என்று தெரிந்தால்தான் டிரைவர் அண்ணனிடம் சண்டை போடாமல் எடுத்துச் சொல்ல முடியும்.

நம் வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வருஷத்தில் பாதி நாள் வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைத்துத்தானே எடுக்கிறோம்? என்ஜின் ஆயில் அந்த மாதிரி உறைந்து கட்டியாகாது. ஆனால் குளிரில் வெல்லப்பாகு மாதிரி கெட்டிப்படும். ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது ஆயில் எல்லாம் வடிந்து அடியில் இருக்கும் தொட்டிக்குப் போய்விடும். காலையில் சாவியைத் திருப்பியதும் பம்பு அதை மேலே தள்ளி, உரசுகிற பாகங்களுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்தச் சில விநாடிகள்தான் என்ஜினுக்குத் தேய்மானம். வண்டியை நிற்க வைப்பதற்கு உண்மையான காரணம் இதுதான். ஆயில் போய்ச் சேர்ந்துவிட்டால் டேஷ்போர்டில் எண்ணெய்க் குடம் மாதிரி இருக்கும் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். அதற்குச் சில விநாடிகளுக்கு மேல் ஆகாது. அந்த விளக்கு அணையவில்லை என்றால் சூடாகட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே என்ஜினை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அப்படியென்றால் அரை மணி நேரப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கும் நியாயம் இருந்தது. பழைய அம்பாசடர், பெட்ரோல் ஜீப், ஆரம்பகால மாருதி 800, ஆம்னி வண்டிகளில் கார்புரேட்டர் இருந்தது. மூடுபனி நாளில் கொடியில் போட்ட துணி காயாமல் தொங்குகிற மாதிரி, குளிரில் பெட்ரோல் ஆவியாகாது. ஆவியாகாத பெட்ரோல் சரியாக எரியாது. அதனால் சோக்கை இழுத்து, கூடுதல் பெட்ரோல் போகவிட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டால்தான் வண்டி நகரும். அவசரப்பட்டால் நடுரோட்டில் ஆஃப் ஆகிவிடும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பெட்ரோல் கார்களிலேயே இந்த வேலையை கம்ப்யூட்டர் பெட்டி எடுத்துக்கொண்டது. குளிர் எவ்வளவு என்று அளந்து, எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ அதை அதுவே தெளிக்கும். வண்டி மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பெரிய லாரிகளில் ஏர் பிரேக். தொட்டியில் காற்று ஏறும்வரை லாரியை எடுக்கவே கூடாது. எடுத்தால் பிரேக் பிடிக்காது. லாரி ஓட்டிப் பழகிய டிரைவர் பிக்கப்பிலும் அதையே செய்வார். அவர் மேல் தப்பில்லை, அவர் கற்றது அது. ஆனால் நம் சின்ன வண்டிகளில் ஏர் பிரேக் கிடையாது.

டீசல் வண்டியில் கார்புரேட்டரே இல்லை, அதன் விஷயம் வேறு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும், தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டில்தான் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. விடியற்காலையில் என்ஜினும் ஜில்லென்று இருக்கும், உள்ளே போகிற காற்றும் ஜில்லென்று இருக்கும். போதாததற்கு ஊட்டி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்தோடு பார்த்தால் இங்கே காற்றே இளைத்தது. அதனால் டீசல் பற்றக் கஷ்டப்படும். இதற்காகத்தான் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். சாவியை முதல் திருப்பில் நிறுத்தினால் கம்பிச்சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்த பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். பலர் இந்தச் சில விநாடிகள் பொறுக்க மாட்டார்கள். விளக்கு எரியும்போதே கர்... கர்... என்று அடித்து பேட்டரியைக் காலி பண்ணிவிட்டு, பிறகு அரை மணி நேரம் நிற்க வைத்து ஓட்டுவார்கள். பொறுமையைத் தப்பான இடத்தில் வைத்தால் என்ன செய்வது!

செல்ஃப் அடிக்கும்போது கிளட்சை முழுசாக மிதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கியர் பெட்டியில் இருக்கும் ஆயிலும் கெட்டியாகத்தான் இருக்கும். கிளட்ச் மிதித்தால் அதையும் சேர்த்துச் சுற்றுகிற பாரம் மோட்டாருக்குக் குறையும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. எடுக்கவில்லையென்றால் அரை நிமிடம் விட்டுத்தான் அடுத்த தடவை. குளிரில் பேட்டரியின் பலமும் கணிசமாகக் குறைந்திருக்கும். மூன்று, நான்கு வருஷம் ஆன பேட்டரி என்றால் பனிக்காலத்துக்கு முன்பே ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. மூட்டை ஏற்றி நிற்கும்போது பேட்டரி போனால் அன்றைக்கு மண்டி விலை நமக்குக் கிடையாது.

ஸ்டார்ட் ஆனதும் சிலர் ஆக்சிலேட்டரை மிதித்து ரேஸ் பண்ணுவார்கள். இது நிற்க வைத்து ஓட்டுவதைவிட மோசம். ஆயில் போய்ச் சேராத பாகங்கள் வேகமாக உரசும். டர்போ உள்ள வண்டியில் அந்த டர்போவுக்கும் கேடு. அதை மாற்றப் போனால் செலவு நம் தவணையைத் தாண்டிவிடும்.

நிற்க வைத்தே சூடாக்கினால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். முதலாவது, அது சூடே ஆகாது. பாரம் இல்லாமல் ஓடுகிற டீசல் என்ஜின் ரொம்பக் கொஞ்சம் டீசல்தான் எரிக்கும். அதில் வருகிற சூடும் கொஞ்சம்தான். அரை மணி நேரம் நின்று வருகிற சூட்டை, பத்து நிமிடம் நிதானமாக ஓட்டினால் பெற்றுவிடலாம். இரண்டாவது, ஜில்லென்ற என்ஜினில் பாதி எரிந்த டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கே இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். என்ஜின் ஆயில் நீர்த்துப்போகும். கரி பிடிக்கும். ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்க சைலன்சர் வழியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. வண்டி நல்ல வேகத்தில் ஓடிச் சூடானால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து சுத்தமாகும். தினமும் நிற்க வைத்தே ஓட்டினால் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும், வண்டி இழுக்காது.

மூன்றாவது காசு. இந்த அளவு வண்டிகள் நின்ற இடத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். தினம் அரை மணி என்றால் 30 நாளைக்கு 15 மணி நேரம். அதாவது மாதம் 7.5 முதல் 15 லிட்டர் டீசல். உங்கள் பங்க் விலையால் பெருக்கி, கார்த்திகையிலிருந்து மாசி வரை நான்கு மாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்கடனுக்கு வட்டி ஒரு ரூபாயா ஒன்றரை ரூபாயா என்று மணிக்கணக்கில் பேசுகிற நாம், இதைக் கணக்கில் எடுக்காமல் விடுவானேன்?

இனி எழுதப்போவது காசைவிடப் பெரியது. தயவுசெய்து வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நம் பக்கம் வண்டி ஷெட் பெரும்பாலும் வீட்டுச் சுவரை ஒட்டியே இருக்கும். குளிருக்காக தார்ப்பாய் போட்டு இடுக்கெல்லாம் அடைத்திருப்போம். அதற்குள் வண்டியை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். குளிர்ந்த என்ஜினில் இது இன்னும் அதிகம். பெட்ரோல் வண்டியில் ரொம்பவே அதிகம். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை நாற்றம் வரவில்லை, அதனால் பயமில்லை என்று நினைக்க முடியாது. நம் ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேல் பிடிப்போடு இது போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல். பிறகு அசதி, தூக்கம். தூங்குகிற குழந்தைக்கும் வயசானவர்களுக்கும் அந்தத் தலைவலிகூடத் தெரியாது, எழுந்திருக்காமலே போய்விடுவார்கள். அறைக்குள் அடுப்புக்கரி மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் இறந்துபோன செய்திகளை மலைப்பகுதிகளிலிருந்து பத்திரிகைகளில் பார்க்கிறோம் அல்லவா? அதே வாயுதான்.

ஷெட் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பதும் சரியில்லை. ஸ்டார்ட் ஆனதும் வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் எல்லாம் திறந்த வெளியில்தான். வெளியே நிற்கும்போதும் சைலன்சர் வீட்டு ஜன்னலைப் பார்த்து இருக்கக் கூடாது. யாருக்காவது அந்த நேரத்தில் தலைசுற்றினால் முதலில் எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். என்ஜினை நிறுத்துங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று மட்டும் படுக்க வைக்காதீர்கள்.

வண்டி நகர்ந்த பிறகு எப்படி ஓட்டுவது? டெம்பரேச்சர் முள் மேலே வரும்வரை, அல்லது சில வண்டிகளில் இருக்கும் நீல விளக்கு அணையும்வரை, நிதானமாகப் போக வேண்டும். ஐந்து, பத்து நிமிடம்தான். ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல். தோட்டம் பள்ளத்தில் இருக்கும், ரோடு மேட்டில் இருக்கும். முழு பாரத்தோடு, எடுத்த எடுப்பிலேயே ஏற்றம். சமவெளிக்காரர்கள் எழுதிவைத்த யோசனை இங்கே அப்படியே செல்லாது என்பது எங்கள் கருத்து. இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு நிமிடம் நின்று, முதல் கியரிலேயே அழுத்தி மிதிக்காமல் ஏறச் சொல்லுங்கள். முடிந்தால் வெறும் வண்டியை முந்திக்கொண்டு மேலே ரோட்டோரம் கொண்டுபோய் வைத்து, அங்கே மூட்டை ஏற்றலாம். ஏற்றிமுடிக்கும்வரை என்ஜின் ஓட வேண்டியதில்லை.

இறக்கத்தில் தொடங்குகிற வீடாக இருந்தால் வேறு ஆபத்து. டீசல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போவார்கள், என்ஜினை ஆஃப் பண்ணுவதும் உண்டு. என்ஜின் ஓடவில்லையென்றால் பிரேக்குக்குத் துணை செய்கிற சக்தி இருக்காது, பிரேக் கல் மாதிரி இறுகும். பவர் ஸ்டீயரிங்கும் அப்படியே. பர்லியாறு வழியாக இறங்கினாலும் கோத்தகிரி வழியாக இறங்கினாலும் வண்டி கியரில்தான் இருக்க வேண்டும். இதில் எந்த சமாதானமும் கேட்காதீர்கள்.

உறுப்பினர்கள் கேட்ட மற்ற சில சந்தேகங்கள்:

"கண்ணாடியில பனி ஒட்டிக்கிட்டா வெந்நீர் ஊத்தலாமா?" கூடவே கூடாது. கண்ணாடி விரிசல் விட்டுவிடும். ராத்திரியே சாக்கு அல்லது அட்டை போட்டு மூடி வையுங்கள். காலையில் எடுத்தால் பனியும் அதோடு வந்துவிடும். ஒட்டிக்கிடக்கும் வைப்பரை பனி இளகாமல் போட்டால் ரப்பர் கிழியும். கண்ணாடி முழுசாகத் தெளியும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. இதற்காக நிற்கிற நேரத்தை வீண் என்று சொல்ல மாட்டோம்.

"எந்த ஆயில் ஊத்தணும்?" டப்பாவில் 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் சுலபமாக ஓடும். அதற்காக இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. வண்டியோடு கொடுத்த கையேட்டில் சொன்னதைத்தான் ஊற்ற வேண்டும். கையேடு டிரைவரிடமே இருந்தால் வாங்கி, தீர்மான நோட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நம் பேரில் இருக்கிறது, சாவி மட்டும் அவரிடம்.

"ரேடியேட்டருக்குப் பச்சைத் தண்ணி போதாதா?" போதாது. கூலன்ட் கலந்துதான் ஊற்ற வேண்டும். வெறும் தண்ணீர் துருவை உண்டாக்கும், உறைபனி ராத்திரியில் உறையவும் கூடும். உறைந்த தண்ணீர் பெருத்துக்கொள்ளும், அப்போது வெடிப்பது நம் ரேடியேட்டர்தான்.

"ஸ்கூட்டருக்கும் இதேதானா?" ஆமாம். 2020-க்குப் பிறகு வாங்கியதாக இருந்தால் பெரும்பாலும் சோக் இருக்காது, அரை நிமிடம் போதும். பழையது என்றால் சோக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்து, என்ஜின் சத்தம் சீரானதும் சோக்கை விட்டுவிடுங்கள். காலையில் முதல் தடவை பட்டனை அழுத்துவதைவிட உதைத்து எடுத்தால் பேட்டரி நிறைய நாள் வரும். மறக்காமல் வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள். திண்ணையிலோ நடையிலோ வேண்டாம்.