லயமும் தனிவீடும்: நுண்கருவக வடிவமைப்பு பற்றிய ஒரு நோக்கு

ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் பிரித்தானியர் காலத்தில் எழுந்த லயங்களில், காம்பராக்கள் பல ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்தன. சுவரும் கூரையும் பொதுவாயிருந்தமையாற் கட்டுச்செலவு குறைந்தது. ஆனால், ஒரு காம்பராவிற் பற்றும் தீ லயம் முழுவதையும் அழித்துவிடும். சிக்கனத்தின் பயன் கம்பெனிகளுக்குச் சென்றது. தீயின் இழப்பு தொழிலாளரைச் சேர்ந்தது. கணினித் துறையின் நீண்டகால விவாதமொன்றை விளங்கிக்கொள்ள இவ்வமைப்பு நமக்குத் துணைசெய்யும்.

பணிசெயல் முறைமையில் வன்பொருளின் மீது முழு அதிகாரம் பெற்று இயங்கும் உட்பகுதியே கருவகமாகும். லினக்ஸில் கோப்பு முறைமை, வலையமைப்பு, சாதனச் செலுத்திகள் ஆகியன பெரும்பாலும் கருவகத்துள்ளேயே ஒரே நினைவகப் பரப்பைப் பகிர்ந்து இயங்குகின்றன. இதனை லய அமைப்பு எனலாம். இங்கு ஒரு செலுத்தியின் பிழை முறைமை முழுவதையும் வீழ்த்தக்கூடும். 2024 யூலை 19இல், விண்டோஸ் கருவகத்துள் இயங்கிய கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான இற்றைப்படுத்தல், ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகளை முடக்கியது.

நுண்கருவகமோ நினைவகப் பகுப்பு, செயல்களுக்கு நேரம் ஒதுக்கல், அவற்றிடையே செய்தி கடத்தல் ஆகியவற்றை மட்டுமே தன்னிடம் வைத்துக்கொள்கிறது. ஏனையவை வெளியே தனித்தனி வீடுகளில் வாழ்கின்றன. ஒன்று வீழ்ந்தால் அதனை மட்டும் மீள இயக்கலாம். 1969இல் டென்மார்க்கில் பேர் பிரின்ச் ஹான்சன் ஆர்.சி. 4000 கணினிக்கு அமைத்த முறைமை இக்கருத்தின் முன்னோடியாகும்.

எனினும் தனிவீட்டுக்கும் விலையுண்டு. லயத்திற் சுவருக்கு அப்பாலிருந்தே பேசிவிடலாம். தனிவீட்டார் படியிறங்கிச் செல்லவேண்டும். 1985இற் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மாக் திட்டம் இச்செய்திப் போக்குவரத்தின் தாமதத்தாற் குறைகூறப்பட்டது. 1992இல் மினிக்ஸை ஆக்கிய தனென்பாம், லினக்ஸின் அமைப்பு காலங்கடந்ததென வாதிட்டபோது, லினஸ் தோர்வால்ட்ஸ் அதனை மறுத்தார். நடைமுறையில் லினக்ஸே பரவியது.

ஆயினும் தாமதம் கோட்பாட்டின் குறையன்று, செயலாக்கத்தின் குறையே என்பதை ஜெர்மனியரான யொகென் லீட்கே 1993இல் நிறுவினார். செய்தி கடத்தலை அவர் மாக்கினும் ஏறத்தாழ இருபது மடங்கு விரைவாக்கினார். அவ்வழியில் வந்த எஸ்.ஈ.எல்.4 கருவகத்தின் சுமார் 8,700 வரிகள் அதன் வரையறைக்கு இணங்க இயங்குவதைச் சிட்னி ஆய்வாளர் 2009இற் கணித முறையில் மெய்ப்பித்தனர். கருவகம் சிறிதாயிருந்தமையே இதனைச் சாத்தியமாக்கியது. 2021 முதல் கூகிளின் சில வீட்டுச் சாதனங்களில் இயங்கும் பியூஷாவும் இம்மரபைச் சார்ந்ததே.

தனிவீடு தீயைத் தடுப்பதில்லை, பரவாமற் காக்கிறது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற மலையக மக்களின் கோரிக்கையில் நில உரிமையோடு இந்நியாயமும் அடங்கியுள்ளது. எனவே எந்த அமைப்பையும் மதிப்பிடுகையில் அதன் விரைவையும் செலவையும் மட்டும் கேட்பது போதாது. பிழை நேருமிடத்து இழப்பு யாரைச் சேரும் என்பதையும் நாம் கேட்டாகவேண்டும்.