வெள்ளைப் பொட்டலமும் வீட்டுச் செலவும்

இலண்டன் மாநகரின் கிழக்குப் புறத்தில் ஈஸ்ற்ஹாம் என்றொரு பகுதி உண்டு. நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறி வாழும் இடம் அது. 2023 ஆம் ஆண்டில் அங்குள்ள உறவினர் வீடொன்றிற் சில நாட்கள் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. சனிக்கிழமை காலை கடைக்குச் சென்று திரும்பிய வீட்டுக்காரி, எமக்குத் தங்கை முறையானவர், வந்ததும் வராததுமாகச் செய்த காரியம் எம்மை வியப்பில் ஆழ்த்திற்று. பைகளிலிருந்த மஞ்சள் நிறப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிஸ்கற்று ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள்ளும், ஓட்ஸ் இன்னொன்றினுள்ளும், சீனி வேறொன்றினுள்ளும் போயின. வெற்றுறைகளை மடித்துக் குப்பைக் கூடையின் அடியில் வைத்து, மேலே வெங்காயத் தோலைப் பரப்பி மூடினார்.

“ஏன் பிள்ளை இந்தப் பாடு?” என்று கேட்டோம்.

“பின்னேரம் ஆக்கள் வருவினம், அண்ணை. உந்தப் பக்கற்றைக் கண்டால் என்ன நினைப்பினம்?” என்றார் அவர்.

அந்த ஆண்டு மார்ச்சு மாதத்திற் பிரித்தானியாவில் உணவுப் பண்டங்களின் விலை முன்னைய ஆண்டைக் காட்டிலும் ஏறக்குறைய 19 சதவீதம் உயர்ந்திருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளாக அந்நாடு காணாத ஏற்றம் அது. 2022 செப்டெம்பரிற் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியதை அனுபவித்தறிந்த நமக்கு இது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆயினும் ஒருவர் உழைப்பில் நால்வர் உண்ணும் வீட்டில் அது சிறு தொகையன்று. மஞ்சட் பொட்டலங்களுக்கு மாறியதனால் வாரத்திற்குப் பதினைந்து பவுண் மிஞ்சுவதாகத் தங்கையார் கணக்குக் காட்டினார். அதில் ஒரு பகுதிதான் மாதந்தோறும் சாவகச்சேரியிலிருக்கும் அவருடைய தாயாரின் மருந்துச் செலவுக்கு வந்து சேருகிறது. அத்தகைய பொட்டலத்தையா வெங்காயத் தோலுக்கடியில் மறைப்பது என்ற எண்ணம் எம்மை விட்டு அகலவில்லை. ஆதலின் இதன் வரலாற்றைச் சற்றே ஆராயலானோம்.

பெரிய சுப்பர்மாக்கற்றுகள் பிறருடைய பெயர்பெற்ற பண்டங்களை விற்பதோடு அமையாது, தம்முடைய சொந்தக் குறி பொறித்த பண்டங்களையும் அருகே அடுக்கி விற்கின்றன. அவற்றுள்ளும் உயர்தரம், நடுத்தரம், மலிவு எனப் படிகள் உண்டு. ஆகக் கீழான படியே நாம் பேசுவது.

ஒரு காலத்திற் பண்டங்களுக்குப் பெயரே கிடையாது. கோணிப் பையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பதே வழக்கம். அக்காலத்தில் இங்கிலாந்தில் நடந்த கலப்படம் கொஞ்சமன்று. ஆதர் ஹில் ஹசல் என்ற வைத்தியர் 1850 ஆம் ஆண்டுகளில் உருப்பெருக்காடியின் துணையுடன் கடைப்பண்டங்களைச் சோதித்து வெளியிட்ட முடிவுகள் அந்நாட்டையே அதிரவைத்தன. இந்நிலையிலேதான், “இது இன்னார் செய்தது, நம்பி வாங்கலாம்” என்பதற்கு உறுதியாக வியாபாரக் குறி செல்வாக்குப் பெற்றது. எனவே குறி என்பது பிறவியிலேயே ஏமாற்று அன்று. அது நமக்குச் செய்த நன்மையை மறத்தல் தகாது.

கடைகளும் விரைவில் அவ்வழியைப் பின்பற்றின. 1844 இல் றொச்டேல் நகரத் தொழிலாளர் தூய பண்டம், நேர்மையான நிறை என்ற கொள்கையோடு தொடங்கிய கூட்டுறவுக் கடையை நம்மூர்ச் சங்கக்கடைகளின் பாட்டன் எனலாம். அவ்வியக்கத்தினின்று 1863 இல் எழுந்த மொத்த விற்பனைச் சங்கம், 1873 இல் மன்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள கிரம்சாலிற் சொந்த பிஸ்கற்றுத் தொழிற்சாலையையே நிறுவிற்று. செயின்ஸ்பரி கடையினர் 1882 இற் பதனிட்ட பன்றியிறைச்சியைத் தம் பெயரில் விற்றனர். ஆயினும் நெடுங்காலம் பெயர்பெற்ற உற்பத்தியாளர் வைத்ததே விலையாயிருந்தது. குறித்த விலைக்குக் குறைத்து விற்றால் அந்தக் கடைக்குச் சரக்குக் கிடையாது. 1964 இல் இயற்றப்பட்ட சட்டமொன்றே பிரித்தானியாவில் இக்கட்டினைத் தளர்த்திற்று.

அடுத்த திருப்பம் பிரான்சில் நேர்ந்தது. 1976 ஏப்பிரலில் கார்ஃபூர் என்ற நிறுவனம் ஐம்பது பண்டங்களை வெள்ளை உறையிலிட்டு, குறிப்பெயர் எதுவுமின்றி விற்பனைக்கு வைத்தது. 1978 இற் கனடாவின் லோப்லா கடைகளில் மஞ்சள் உறையிற் கறுப்பு எழுத்துகள் மட்டும் பொறித்த பதினாறு பண்டங்கள் வந்தன. அவற்றுக்கு இடப்பட்ட பெயரே “பெயரில்லை” என்பதாகும். ஜேர்மனியின் அல்டி 1990 இற் பிரித்தானியாவிற் கால் வைத்தது; லிடில் 1994 இல் வந்தது. அல்டி போன்ற கடைகளின் மலிவு விலைக்கு ஈடுகொடுக்கவேண்டிய நிலையில் டெஸ்கோ 1993 இல் நீலமும் வெள்ளையுமான கோடுகள் கொண்ட மலிவுப் பண்டங்களை இறக்கிற்று. அக்கோடுகளை அறியாத வீடு அந்நாட்டில் இல்லை. அவற்றை அறிந்த அளவுக்கு அவற்றுக்காக நாணியவர்களும் இருந்தனர். 2012 இல் அந்நிறுவனமே அக்கோடுகளைக் கைவிட்டது.

உறையை ஏன் இவ்வளவு அழகின்றிச் செய்கிறார்கள்? நல்ல சித்திரம் ஒன்றை அச்சிடுவதாற் செலவு பெரிதும் ஏறிவிடாது. இவ்வினாவுக்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை சொன்னவர் ஜூல் டுப்புயி என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர். அக்காலப் புகைவண்டிகளில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை இல்லை. கூரைக்குச் செலவாகும் என்பதற்காகவன்று, இரண்டாம் வகுப்புக் கட்டணம் கொடுக்கக்கூடியவர்கள் மூன்றாம் வகுப்பிற்கு இறங்கிவிடலாகாது என்பதற்காகவே அவ்வாறு விடப்பட்டது என்று அவர் 1849 இல் எழுதினார். மலிவுப் பொட்டலத்தின் அழகின்மைக்கும் காரணம் அதுவே என்பது பொருளியலார் சிலரின் கருத்து. வசதியுள்ளவர் பார்த்து முகஞ்சுளித்து மேல்தட்டிலுள்ளதை எடுக்க வேண்டும். வசதியற்றவர் குனிந்து அடித்தட்டிலுள்ளதை எடுக்க வேண்டும். வெங்காயத் தோலின் இரகசியம் இங்கேதான் வெளியாகிறது. எமது தங்கையார் பட்ட நாணம் தாமாகத் தோன்றியதன்று. உறையோடு சேர்த்து அச்சிடப்பட்டது.

விலை குறைவதற்கு நேர்மையான காரணங்களும் உள. விளம்பரச் செலவு இல்லை. கடைகடையாக ஏறியிறங்கும் விற்பனை முகவருக்குச் சம்பளம் இல்லை. ஒரே கட்டளையிற் பெருந்தொகைச் சரக்கு எடுக்கப்படுகிறது. பெயர்பெற்ற பண்டத்தைச் செய்யும் ஆலையே, தன் இயந்திரம் ஓய்ந்திருக்கும் நேரத்திற் கடையின் குறிக்கும் செய்து கொடுப்பதுண்டு. எல்லாப் பண்டத்திலும் அப்படி என்று எண்ணிவிடலாகாது. ஆலை ஒன்றாயினும் சேர்மானம் வேறாக இருக்கலாம்.

இனி, அறிந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். அமெரிக்கப் பொருளியலார் சிலர் 2015 இல் வெளியிட்ட ஆய்வொன்று மிகவும் சுவையானது. தலைவலி மாத்திரை வாங்கும் சாதாரண மக்கள் நூற்றுக்கு 26 தடவை பெயர்பெற்ற குறியைத் தேடினர். மருந்தாளரோ நூற்றுக்கு 9 தடவையே அவ்வாறு செய்தனர். உப்பு, சீனி போன்றவற்றிலும் அவ்வாறே; சமையற் தொழிலாளர் பெயர்பெற்ற குறிகளை மற்றையோரிலும் குறைவாகவே வாங்கினர். மருந்தைப் பற்றி மருந்தாளரிலும், உப்பைப் பற்றிச் சமையற்காரரிலும் அதிகம் அறிந்தவர் யாருளர்?

இவ்விடத்தில் நம் நாட்டவர் ஒருவரை நினையாதிருக்க முடியாது. பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தை வியாபாரப் பெயராலன்றி அதன் இயற்பெயராலேயே வாங்கவும் வழங்கவும் வேண்டும் என்று வாதாடியவர். 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவரும் அவரே. நாம் இன்றும் “ஒரு பனடோல் தாருங்கள்” என்றுதான் கடையிற் கேட்கிறோம். பனடோல் என்பது ஒரு வியாபாரப் பெயர். உள்ளேயிருக்கும் மருந்து பரசிற்றமோல். அதே 500 மில்லிக்கிராம் மருந்து பரசிற்றமோல் என்ற பெயரிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, பெயருக்காகக் கூடுதற் பணம் கொடுப்பதேன்? சாவகச்சேரித் தாயாருக்கும் இதைச் சொல்லலாம். வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சொல்லுவது நன்று.

ஆனால் எல்லாவற்றிலும் மலிவே மேல் என்று நாம் கூறவரவில்லை. உப்பு, சீனி, கோதுமை மா, ஓட்ஸ், அப்பச்சோடா, ரின்னில் அடைத்த தக்காளி ஆகியவற்றில் உள்ளே பெரிதாக மாறக்கூடியது ஒன்றுமில்லை. பல சேர்மானங்கள் கூடிய பண்டங்களிலேதான் கண் வேண்டும். சேர்மானப் பட்டியலில் நிறையால் மிகுந்தது முதலில் எழுதப்படும் என்ற ஒன்றை நினைவில் வைத்தாற் போதும். பழப்பாகு வாங்கும்போது பழத்துக்கு முன்னே சீனி நின்றால், நாம் வாங்குவது பெரும்பாலும் சீனியே. பிரித்தானியச் சட்டப்படி “பன்றியிறைச்சிச் சொசேஜஸ்” என்று பெயரிட்டு விற்பதற்கு நூற்றுக்கு 42 பங்கு அவ்விறைச்சி இருந்தாற் போதும். மலிவானது அந்த எல்லையை ஒட்டி நிற்கும். விலைகூடியதில் அதனிரட்டியும் இருக்கக்கூடும். இறைச்சிக் கணக்கிற் பார்த்தால் எது மலிவு என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

நிறையும் நம்மை ஏமாற்றும். உதாரணமாக, 350 கிராம் பொட்டலம் 469 ரூபா, 400 கிராம் பொட்டலம் 520 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கையில் எடுக்கும்போது முன்னதே மலிவாகத் தோன்றும். நூறு கிராமுக்குக் கணக்கிட்டால் முன்னது 134 ரூபா, பின்னது 130 ரூபா. பிரித்தானியாவின் பெரிய கடைகளில் இக்கணக்கைக் காட்டவேண்டும் என்பது சட்டம். நாம் கைத்தொலைபேசியிற் கணக்கிட்டுக்கொள்ளலாம். பாடசாலைப் பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று இப்பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தால் மிகுந்த உற்சாகத்தோடு செய்வார்கள். எம் அனுபவம் அது. இனிப்புத் தட்டின் பக்கம் போகாமற் பார்த்துக்கொள்வது மட்டும் பெற்றோர் பொறுப்பு.

1983 இற் கொழும்பு ஸ்ரேபிள் வீதியில் முதலாவது காகில்ஸ் பூட் சிற்றி திறக்கப்பட்டதிலிருந்து சுப்பர்மாக்கற்றுகள் நம் நாட்டிலும் பெருகிவிட்டன. கடையின் குறியிட்ட அரிசியும் பருப்பும் இங்கும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலண்டனிற் கடைக்குறிக்குப் போட்டி பெயர்பெற்ற குறியே. இங்கோ சந்தையிலும் பலசரக்குக் கடையிலும் நிறுத்துக் கொடுக்கும் பெயரற்ற பருப்பும் போட்டிக்கு நிற்கிறது. அதனோடும் ஒப்பிட்ட பின்பே எது மலிவு என்று சொல்ல முடியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடலாகாது. விலையேற்றம் வரும்போது ஆக மலிவான பண்டமே சிலவேளை மிக வேகமாக ஏறுகிறது. பிரித்தானியாவிற் சமையற் குறிப்பு எழுதும் ஜக் மன்றோ என்பவர் 2022 சனவரியில் இதனைப் பகிரங்கமாக எடுத்துரைத்தார். அந்நாட்டுத் தேசிய புள்ளிவிபர அலுவலகம் ஆக மலிவான முப்பது பண்டங்களின் விலைகளைத் திரட்டிப் பார்த்தது. சராசரி ஏற்றம் மற்றைப் பண்டங்களின் ஏற்றத்தை ஒத்தே இருந்தது. ஆனால் மலிவான பஸ்ராவின் விலை ஒரே ஆண்டில் 50 சதவீதம் ஏறியிருந்தது. மேல்தட்டிலிருந்து வாங்குபவர் விலை ஏறினால் ஒரு படி கீழிறங்கலாம். அடித்தட்டிலிருந்து வாங்குபவர் எங்கே இறங்குவார்? அந்த மஞ்சட் பொட்டலமும் கடைக்குக் கடை எப்போதும் இருப்பதில்லை. சிறிய கிளைகளில் அது அகப்படாது. பெரிய கிளைக்குப் போக பஸ் கட்டணம் வேண்டும்.

தேயிலை விடயத்தில் எமக்கு வேறு கருத்து. அந்நாட்டு மலிவுத் தேயிலைப் பைகளிற் பல நாட்டுத் தூள் கலந்திருக்கும். நம் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை, முற்றிலும் இலங்கையில் விளைந்து இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்ட தேயிலைக்கே வழங்கப்படுகிறது. மலையகத்துச் சகோதரிகள் கொழுந்து பறித்த கைகளின் உழைப்பு அதிலே இருக்கிறது. இங்கே குறிக்குப் பொருள் உண்டு. அதற்குப் பணம் கொடுப்பது வீண்செலவன்று.

அன்று பின்னேரம் விருந்தினர் வந்தனர். கண்ணாடிப் போத்தலிலிருந்த பிஸ்கற்று தட்டிற் பரப்பப்பட்டுத் தேநீரோடு வந்தது. வந்திருந்த அம்மையார் மூன்றாவது பிஸ்கற்றை எடுக்கையில், “நல்லாயிருக்கு. எங்கை வாங்கினனீர்?” என்று கேட்டார். தங்கையார் எம்மைப் பார்த்தார். நாம் யன்னலைப் பார்த்தோம். பின்பு அவர் கடையின் பெயரைச் சொன்னார். சற்றுத் தயங்கி, பொட்டலத்தின் நிறத்தையும் சொன்னார்.

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். “எங்கடை வீட்டிலையும் உந்த மஞ்சள் பக்கற்றுத்தான் பிள்ளை. நானும் போத்தலிலைதான் போட்டு வைக்கிறனான். தேயிலை மட்டும் ஊரிலையிருந்து வரும்.”