2024-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் செய்திகளும் நம் கையிலுள்ள பரிகாரங்களும்

ஜூலை 30-ஆம் தேதி விடியுமுன்னே வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்சரிவில் புதையுண்டதையும், ஆண்டின் இறுதியில் ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் தென்பெண்ணை கரைபுரண்டு ஓடியதையும் 2024-இல் நாம் பத்திரிகைகளில் வாசித்து மனம் கலங்கினோம். அந்தத் துக்கம் நியாயமானதே. ஆயினும், தன் நீரையும் நிலத்தையும் காத்துக்கொள்ளச் சாமானியப் பிரஜைக்குச் சட்டம் எத்தகைய வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது என்பதும் அவ்வாண்டுச் செய்திகளுக்குள்ளேயே அடங்கியிருந்தது. அதை நாம் போதிய சிரத்தையுடன் கவனிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் அருகிவரும் கானமயில்கள் மின்கம்பிகளில் மோதி மாள்வதைத் தடுக்கக் கோரிய வழக்கில், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமையும் அரசியல் சாசனத்தின் 14, 21-ஆம் பிரிவுகளுக்குள் அடங்கியதே என்று அவ்வாண்டு மார்ச் 21-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வகுத்துரைத்தது. டில்லியில் பிறந்த அந்த வாசகம் நம் ஊர் எல்லைக்குள் பலிதமாவது எப்படி என்பதற்கு மதுரை மாவட்டத்தில் ஒரு திருஷ்டாந்தம் உண்டு.

மேலூருக்கருகே அரிட்டாபட்டி, தமிழி எழுத்துக் கல்வெட்டும் சமணர் சிற்பமும் பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலும் கொண்ட குன்றுகள் சூழ்ந்த ஊர். லகர் வல்லூறு வாழும் அப்பகுதியில் ஏறக்குறைய 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தது. அத்தலத்தையும் உள்ளடக்கிச் சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் தோண்டும் உரிமையை மத்திய அரசு 2024 நவம்பரில் ஏலத்தில் விட்ட செய்தி வந்ததும், அவ்வட்டாரத்து ஜனங்கள் அம்மாதம் 23-ஆம் தேதி கூடிய கிராமசபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றமும் ஒருமனதாகத் தீர்மானித்தது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரை நோக்கித் திரண்டு வந்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி ஏலம் ரத்தாயிற்று. கிராமசபைத் தீர்மானம் தன்னந்தனியே ஒரு சுரங்கத்தை நிறுத்திவிடாது என்பது மெய்யே. ஆனால் ஊரின் சித்தம் இன்னதென்று தேதியிட்டுக் கையொப்பத்தோடு காட்டும் சாட்சியம் அதைப்போல் வேறில்லை. ஆகையால் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபைக்குத் தவறாமல் போவதும், சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுவதும், நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைப்பதும் அவசியம்.

பெரிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கோரும்போது நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் இதே ஜாக்கிரதை வேண்டும். கூட்டத்தைப் பற்றிக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதும், பேசப்பட்டவற்றை உள்ளூர் மொழியில் எழுதிக் கூட்டத்தாருக்கு விளக்க வேண்டும் என்பதும் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதிகள். நேரில் பேசக் கூச்சப்படுகிறவர் எழுத்தில் கொடுக்கும் ஆட்சேபணையும் செல்லும்.

2024 டிசம்பரில் திருநெல்வேலிக்கருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் முதலிய ஊர்களில் கேரளத்து மருத்துவமனைக் கழிவு கொட்டப்பட்டுக் கிடந்தபோது, அது புறப்பட்ட இடத்தைக் காட்டிக்கொடுத்தவை குவியலுக்குள் கிடந்த நோயாளிகளின் மருத்துவக் காகிதங்களே. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மூன்று நாட்களுக்குள் அகற்றுமாறு கேரளத்துக்கு உத்தரவிட, டிசம்பர் 22-ஆம் தேதி லாரிகள் வந்து கழிவை அள்ளிச் சென்றன. இத்தகைய குவியலைக் கண்டவர் ஆத்திரத்தில் தீ வைத்துவிடக் கூடாது. புகை நஞ்சாவதோடு சாட்சியமும் சாம்பலாகும். ஊசி குத்தி மஞ்சட்காமாலை தொற்றும் அபாயம் இருப்பதால் வெறுங்கையால் தொடவும் கூடாது. தேதியும் இடமும் விளங்கப் படமெடுத்து, காவல் நிலையத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்வது முதல் காரியம். பொதுத்தொல்லையை அகற்றும்படி நிபந்தனை உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியருக்கு உண்டு. மாசுக்குக் காரணம் ஓர் ஆலையானால், அதற்கு வாரியம் அளித்த இசைவாணையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கோரலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

மனுக்களுக்குப் பயனில்லாதபோது பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். நஷ்டஈடு கேளாத விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அதுவுமில்லை. வக்கீல் இன்றித் தாமே வாதிடவும் தடையில்லை. ஆனால் வழக்கின் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் செல்ல வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். அதிகாரிகளின் வாக்குறுதிகளை நம்பிக் காத்திருந்தே இந்த அவகாசத்தை இழப்பவர்களை நினைத்தால் வேதனையாயிருக்கிறது.

நஷ்டஈட்டுக்கோ ஐந்தாண்டு அவகாசம் உண்டு. 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர்க் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாய்க் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அத்தகைய வேளையில் ஈரத்துணியால் மூக்கை மூடிக் காற்றின் போக்குக்குக் குறுக்கே விலகுவதும், கண்ணை நீரால் நெடுநேரம் கழுவுவதும் உயிர்காக்கும் செயல்கள். ஆபத்து நீங்கியபின் மருத்துவமனையில் கொடுத்த ஓ.பி. சீட்டைப் பத்திரப்படுத்துவது வழக்கைக் காக்கும் செயல். அக்கசிவுக்கான ஐந்தாண்டு 2028 டிசம்பரில்தான் முடிகிறது. பெண்களுக்கும், பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும், தொழிற்சாலைப் பேரிடரால் பாதிக்கப்பட்டோருக்கும் வருமானத்தைப் பாராமல் இலவச வக்கீல் அமர்த்தித் தரச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் கடமைப்பட்டவை. அதற்கான விண்ணப்பத்தைத் தாலுகா நீதிமன்றத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவிடமே கொடுக்கலாம்.