வீட்டுக்கு நேரே உள்ள மதில்



"நோக்கத்தோடு வாழுங்கள்" என்று எமது திருச்சபைகளிலே அடிக்கடி பிரசங்கிக்கப்படுகிறது. நல்ல வார்த்தைதான். ஆனால் கணவனை இழந்து, பிள்ளைகளோடு தகரக் கொட்டிலுக்குள் இருந்து அதைக் கேட்கிற பெண்ணுக்கு அது எட்டாத வார்த்தையாகவே இருக்கும். எங்கள் மாதர் ஐக்கியத்தில் ஒரு சகோதரி நேரடியாகவே சொன்னார்: "அக்கா, நோக்கமெல்லாம் இருக்கிற ஆக்களுக்கு. எங்களுக்கு விடிஞ்சாப் பொழுதுபடுமட்டும் ஓட்டந்தானே."

அவருக்காகத்தான் வேதாகமத்தில் நெகேமியாவின் புத்தகத்தை நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். இந்த மாத இதழை வாசிப்பவர்களில் வேறு சமயச் சகோதரிகளும் இருப்பீர்கள். இது யுத்தத்தில் அழிந்த ஓர் ஊரைத் திரும்பக் கட்டியவர்களின் கதை. ஆகவே எம்மில் எவருக்கும் அந்நியமானதல்ல.

கி.மு. 586 அளவில் பாபிலோனியப் படை எருசலேமை எரித்து, மதிலை இடித்து, மக்களைச் சிறைபிடித்துக் கொண்டு போயிற்று. பின்னர் ஒரு பகுதியினர் திரும்பி வந்து ஆலயத்தைக் கட்டினார்கள். மதிலோ இடிந்தபடியே கிடந்தது. ஏறக்குறைய 140 வருடங்கள் கழிந்து, கி.மு. 445இல், பாரசீக அரசனின் அரண்மனையில் பானபாத்திரக்காரனாக இருந்த நெகேமியாவுக்கு இந்தச் செய்தி கிடைக்கிறது.

அவர் உடனே திட்டம் போடவில்லை. உட்கார்ந்து அழுதார். சில நாட்கள் துக்கித்து உபவாசித்தார். அரசனிடம் வாய் திறப்பதற்கு நான்கு மாதமளவில் சென்றது. இதனை நான் அழுத்திச் சொல்லுகிறேன். ஏனெனில், எமது இழப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தால், "பழசை மறந்து முன்னுக்குப் போங்கோ" என்று சொல்லுகிறவர்கள் சபைக்குள்ளும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் வருடக்கணக்காக வெயிலிலும் மழையிலும் இருந்த தாய்மாரைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளையைத் தேடுவதே அவர்களுடைய நோக்கம். மறந்தால்தான் நோக்கத்தோடு வாழலாம் என்று வேதாகமம் எங்கும் எனக்குக் காட்டவில்லை.

எருசலேமுக்கு வந்த நெகேமியா மூன்று நாட்களுக்குப் பிறகு, ஒருவருக்கும் சொல்லாமல், சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு இரவிலே மதிலைச் சுற்றிப் பார்த்தார். எது எவ்வளவு இடிந்திருக்கிறது என்று கண்ணால் கண்ட பின்னர்தான் மக்களை அழைத்தார். அடுத்து வருகிற மூன்றாம் அதிகாரம் வெறும் பெயர்ப்பட்டியல் போலத் தோன்றும். அநேகர் அதைத் தாண்டிப் போவார்கள். எனக்கோ முழுப் புத்தகத்திலும் பிடித்த இடம் அதுதான். யார் யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. பலர் தங்கள் வீட்டுக்கு நேரே உள்ள பகுதியைக் கட்டினார்கள். ஒருவர் தன்னுடைய அறைக்கு எதிரே இருந்ததைக் கட்டினார். தங்க வேலை செய்பவர்களும் வாசனைத் தைலம் செய்பவர்களும் கல் சுமந்தார்கள். சல்லூம் என்பவரோடு அவருடைய குமாரத்திகளும் நின்று கட்டினார்கள்.

முழு மதிலும் ஒருவருடைய பொறுப்பல்ல. வாசலில் நின்றால் தெரிகிற துண்டுதான் அவரவருடையது. நாங்கள் 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்து, 2011இல் முல்லைத்தீவு மாவட்டத்திலுள்ள எங்கள் காணிக்குத் திரும்பினோம். கிணறு தூர்ந்து கிடந்தது. வேலியின் அடையாளமே இல்லை. மூன்று பிள்ளைகளோடு நான் தனி. அந்த வருடத்துக்கென்று பிள்ளைகளின் பழைய கொப்பியொன்றில் மூன்று விடயங்களை மட்டும் எழுதி வைத்தேன்: கிணறு இறைப்பது, வேலி அடைப்பது, பிள்ளைகள் ஒரு நாளும் பள்ளிக்கூடம் தவறாமல் போவது. ஜெபிக்கும்போதும் இவற்றையே சொல்லி ஜெபித்தேன். கிணற்றுக்கு எட்டு மாதம் எடுத்தது. "ஓட்டந்தானே" என்று சொன்ன சகோதரியும் பிற்பாடு ஒரு கொப்பி எடுத்தார். அவருடைய முதலாவது வரி, மூத்த மகளைச் சாதாரண தரப் பரீட்சைக்கு இருத்துவது.

மதில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது எதிரிகள் நெகேமியாவை ஓனோ என்ற பள்ளத்தாக்குக்குப் பேச்சுவார்த்தைக்கு வரும்படி நான்கு தடவை ஆள் அனுப்பினார்கள். கைவேலையை விட்டு இறங்கி வர முடியாதென்று நான்கு தடவையும் அதே பதிலையே அவர் அனுப்பினார். எம்மை அழைப்பவர்கள் எதிரிகள் அல்ல, பெரும்பாலும் நல்ல மனிதர்களே. என்றாலும் கவனியுங்கள். மீள்குடியேறிய காலத்தில் சோப், மெழுகுதிரி, காளான், கேக் என்று எத்தனையோ பயிற்சிகள் நடந்தன. ஏழெட்டுச் சான்றிதழ் வைத்திருக்கும் பெண்களை நான் அறிவேன். அவை பெட்டிக்குள் இருக்கின்றன. பயிற்சிக்குப் போக வேண்டாமென்று நான் சொல்லவில்லை. போவதற்கு முன்னர், செய்த சாமானை இந்த ஊரில் யார் வாங்குவார்கள், மூலப்பொருள் எங்கே கிடைக்கும், அந்த நேரத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் மரியாதையாக மறுத்துவிடலாம்.

ஐந்தாம் அதிகாரம் எம்மைப் பற்றியே எழுதப்பட்டது போல இருக்கும். வேலையின் நடுவிலே மக்களும் அவர்களுடைய மனைவிமாரும் பெரிய கூக்குரல் எழுப்பினார்கள். தானியத்துக்காக வயலையும் வீட்டையும் ஈடு வைத்துவிட்டோம், பிள்ளைகள் அடிமையாகப் போகிறார்கள் என்பது அவர்களின் முறைப்பாடு. நெகேமியா அவர்களிடம், "பொறுமையாக இருங்கள், ஜெபியுங்கள்" என்று சொல்லி அனுப்பவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. கடன் கொடுத்த பெரியவர்களைச் சபையின் முன் நிறுத்தி, வயல்களையும் வீடுகளையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

யுத்தத்துக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் நுண்கடன் எத்தனை பெண் தலைமைத்துவக் குடும்பங்களை நெரித்தது என்பது உங்களுக்குத் தெரியும். வாராவாரம் வாசலுக்கு வந்து நின்றார்கள். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டியிருந்ததால் அயலட்டைப் பெண்களே பகையானார்கள். 2018இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. அதுவும் பெண்கள் வாய் திறந்து பேசிய பிறகுதான். கடனுக்குள் அமிழ்ந்த ஒருத்தியிடம் நோக்கத்தைப் பற்றிப் புத்தி சொல்வதற்கு முதல், அவளுடைய கடன் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பதே கிறிஸ்தவ ஐக்கியத்தின் வேலை என்பது என் கருத்து. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். எங்கே, எவ்வளவு, கிழமைக்கு எத்தனை என்று ஒரு தாளில் கூட்டி எழுதுகிறோம். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பதை முதலில் நிறுத்துகிறோம். விளங்காத பத்திரத்தில் ஒருவரும் தனியே கையொப்பம் வைப்பதில்லை. இரண்டு பேராவது கூடப் போகிறோம்.

எருசலேமின் மதில் 52 நாட்களில் முடிந்தது. அதற்குப் பிறகும் நகரம் விசாலமாகவும் பெரிதாகவும் இருந்தது, குடிசனம் கொஞ்சம், வீடுகள் இன்னும் கட்டப்படவில்லை என்று ஏழாம் அதிகாரத்தில் காண்கிறோம். பத்துப் பேரில் ஒருவர் நகரத்துக்குள் குடிவரும்படி பின்னர் சீட்டுப் போட்டார்கள். எங்கள் ஒழுங்கையிலும் பற்றை மூடிய காணிகள் நான்கு உண்டு. ஒன்றிலே அடுத்த மாதம் ஒரு தாயும் மகளும் வந்து இருக்கப் போகிறார்கள். பற்றை வெட்டக் கத்தியும் வேலி அடைக்கக் கிடுகும் வேண்டும். அயலில் உள்ள சகோதரிகள் கொண்டு வந்தால் உதவியாக இருக்கும்.