அகத்தியரின் ஆசான் நிற்கும் மலை

‘புதுருவகல’ என்பது சிங்களப் பெயர். ‘புது’ என்றால் புத்தர், ‘ருவ’ என்றால் உருவம், ‘கல’ என்றால் கல். புத்தர் உருவக் கல் என்று நாம் சொல்லலாம். பொருள் தெரிந்த பின் இப்பெயர் தமிழ்க் காதுக்கு அந்நியமாக ஒலிக்கவில்லை. அங்கே நிற்கும் உருவங்களுள் ஒன்றும் தமிழுக்கு அந்நியமானதல்ல. இன்று நேயர்களோடு பகிர விரும்புவது அதைத்தான்.

ஊவா மாகாணத்தில், மலைநாடு சரிந்து தென்கிழக்குச் சமவெளியைத் தொடும் இடத்தில் இருக்கிறது வெல்லவாய. அங்கே பஸ்ஸிலிருந்து இறங்கி முச்சக்கர வண்டி பிடித்தேன். பிரதான வீதியை விட்டுத் திரும்பியதும் குளம், வயல், அதன் பின் காடு. யானை நடமாடும் பகுதி, பொழுது சாயமுன் திரும்பிவிட வேண்டும் என்று சாரதி எச்சரித்தார். காலணிகளைக் கழற்றிவிட்டு மரநிழலில் நடந்தால், திடீரென எதிரே மலைப்பாறை. அதில் வரிசையாக ஏழு உருவங்கள்.

நடுவில் நிற்பவர் புத்தர். உயரம் ஏறத்தாழ 51 அடி. புகழ்பெற்ற அவுக்கனச் சிலையையும் விஞ்சிய உயரம் இது. அவுக்கனவில் சிலை பாறையிலிருந்து ஏறக்குறைய முழுமையாகவே வெளிப்பட்டு நிற்கிறது. இங்கோ பாறையோடு பாறையாகப் புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. ஒரு காலத்தில் சுண்ணச்சாந்து பூசி வர்ணமும் தீட்டியிருக்கிறார்கள். சீவர மடிப்புகளில் சாந்தின் எச்சமும் செம்மஞ்சள் நிறத்தின் ஒரு கீற்றும் இன்றும் தெரிகின்றன. இவை கி.பி. 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பர்.

புத்தரின் வலப்பக்கமும் இடப்பக்கமும் மும்மூன்று உருவங்கள். இடப்பக்கத்து மூவரில் நடுவில் இருப்பவரை இனி வரப்போகும் புத்தரான மைத்திரேயர் என்றும், அவருக்கு அருகில் வச்சிராயுதம் ஏந்தியவரை வச்சிரபாணி என்றும் கொள்வர். வலப்பக்கத்து மூவரில் நடுவே வெண்சாந்துடன் நிற்பவர் அவலோகிதேஸ்வரர். அவருக்கு அருகில் ஒரு பெண்ணுருவம். அதனைத் தாராதேவி என்பர். கிழக்குக் கரையில் கிடைத்து, 1830 முதல் லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கும் பொன்முலாம் பூசிய சிலை இதே தாராவினதுதான்.

இவர்கள் மகாயான பௌத்தத்தின் போதிசத்துவர்கள். இலங்கைப் பௌத்தம் என்றால் தேரவாதம் ஒன்றே என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இப்பாறை ஒரு பாடம். அனுராதபுரத்தில் மகாவிகாரை தேரவாதத்தைக் காத்து நின்றது. அபயகிரியோ மகாயானத்துக்கும் கதவைத் திறந்து வைத்தது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு சங்கத்தை ஒன்றுபடுத்திய பின்னர் மகாயானம் மங்கியது. ஆனாலும் அவலோகிதர் மறைந்துவிடவில்லை. ‘நாத தெய்யோ’ என்ற பெயரில் கண்டி நாத தேவாலயத்தில் இன்றும் வழிபடப்படுகிறார்.

சரி, தமிழுக்கும் இவருக்கும் என்ன உறவு?

11ஆம் நூற்றாண்டில், சோழ மன்னன் வீரராசேந்திரன் பெயரால் ‘வீரசோழியம்’ என்ற இலக்கணத்தை இயற்றியவர் புத்தமித்திரர் என்ற தமிழ்ப் பௌத்தர். அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்று அவர் பாயிரத்தில் கூறுகிறார். சிவபெருமானே அகத்தியருக்குத் தமிழ் அருளினார் என்பது சைவ மரபு. பௌத்தத் தமிழர் அந்த ஆசான் பீடத்தில் அவலோகிதரை அமர்த்தினர். அவலோகிதரின் உறைவிடமாகப் பௌத்த நூல்கள் சொல்லும் ‘பொதலகம்’ என்ற தென்திசை மலை, அகத்தியரின் பொதியமலையே என்று கருதும் ஆய்வாளரும் உளர்.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. அந்த வீரசோழியத்தை 1881இல் அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் சைவர். பௌத்தன் எழுதிய நூல் என்று அவர் ஒதுக்கவில்லை. தமிழ் நூல் என்று காத்தார்.

திருகோணமலை வெல்கம் விகாரையில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அதனை ‘இராஜராஜப் பெரும்பள்ளி’ என்கின்றன. தமிழர் பௌத்தராகவும் வாழ்ந்த மண் இது என்பதற்கு அக்கல்லும் சாட்சி.

இந்நாட்டில் புத்தர் சிலை ஒன்றைக் கண்டதும், இது எவருடையது என்ற கேள்வி பலர் மனதில் எழுகிறது. உரிமையோடு கேட்பவரும் உண்டு, அச்சத்தோடு கேட்பவரும் உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணங்கள் இல்லாமலும் இல்லை. ஆனால் புதுருவகலவில் அந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் விடை சொல்ல முடியாது. அங்கே பூ வைத்து வணங்கும் சிங்கள யாத்திரிகருக்கு அவர் நாததெய்வம். வீரசோழியம் படித்தவருக்கு அவர் தமிழாசான்.

கதிர்காமத்துக்கு எல்ல, வெல்லவாய வழியாகப் போகிறவர்கள் ஒரு மணிநேரம் ஒதுக்கி இந்தப் பாறையைக் காண வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். வெண்சாந்து பூசிய உருவத்தைக் காட்டி, நம் மொழியின் இலக்கணம் ஒன்று இவரை ஆசானாகப் போற்றுகிறது என்று சொல்லிக் கொடுங்கள்.