பழைய "ஆட்-ஆன்" புதிய பிரவுசரில் ஓடுமா?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது வரதய்யபாளையம். முன்பு சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். இந்த மண்டலத்திலும் பக்கத்து சத்தியவேடு மண்டலத்திலும் "ஸ்ரீசிட்டி" தொழில் நகரம் பரந்து கிடக்கிறது. பிழைப்புக்காக வந்த தமிழர்களுக்கு கடைத்தெருவில் தெலுங்கு, வீட்டில் தமிழ், ஆபீசில் ஆங்கிலம் என்று நாள் ஓடுகிறது.

கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு தொல்லை எந்த ஊரிலும் உண்டு. நேற்று வரை ஒழுங்காக ஓடிய "ஆட்-ஆன்", பிரவுசர் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் படுத்துக்கொள்ளும். "இந்தப் பதிப்புக்குப் பொருந்தாது" என்று ஒரு வரிதான் பதிலாக வரும்.

ஆட்-ஆன் என்பது என்ன? தையல் மெஷினில் பொத்தான் துளை போட தனியாக ஒரு துண்டு மாட்டுகிறோம் அல்லவா? அதுபோல பிரவுசரில் கூடுதலாக மாட்டிக்கொள்ளும் சிறு புரோகிராம்தான் அது.

இரு மொழிக்கும் ஒரு மருந்து

பத்திரிகைகள் இன்டர்நெட்டுக்கு வந்த புதிதில், பல பத்திரிகைகள் தங்களுக்கென்று தனித்தனி எழுத்துரு வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் செய்தி தெரியாது. ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த கிறுக்கல்தான் தெரியும். தமிழுக்கும் இதே கதி, தெலுங்குக்கும் இதே கதி.

இதற்கு மருந்தாக வந்தது "பத்மா" என்ற ஆட்-ஆன். "பயர்பாக்ஸ்" பிரவுசரில் இதை மாட்டினால், தெலுங்கு, தமிழ், மலையாளம் முதலிய மொழிப் பக்கங்களை "யூனிகோடு" எழுத்துக்கு மாற்றிக் காட்டும். "தமிழ்விசை" என்ற இன்னொரு ஆட்-ஆன், பிரவுசருக்குள்ளேயே தமிழில் டைப் அடிக்க உதவியது.

எண்ணை மாற்றிய காலம்

பயர்பாக்ஸ் 4-வது பதிப்பு 2011 மார்ச்சில் வந்தது. 5-வது பதிப்பு அதே ஆண்டு ஜூனில் வந்துவிட்டது. பிறகு ஆறு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கு. ஓய்வு நேரத்தில் இலவசமாக ஆட்-ஆன் எழுதியவர்கள் இந்த வேகத்துக்கு எப்படி ஈடுகொடுப்பார்கள்?

அப்போது ஒரு வழி இருந்தது. ஆட்-ஆன் கோப்பு, "எக்ஸ்.பி.ஐ." என்று பெயர் முடிந்தாலும், உண்மையில் ஒரு "ஜிப்" மூட்டைதான். அதைப் பிரித்தால் உள்ளே "இன்ஸ்டால்.ஆர்.டி.எப்." என்று ஒரு சீட்டு இருக்கும். "இந்தப் பதிப்பு முதல் இந்தப் பதிப்பு வரை ஓடும்" என்று அதில் எண் போட்டிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் அந்தக் கடைசி எண்ணை உயர்த்தி, மறுபடி மூட்டை கட்டி மாட்டினார்கள். பல ஆட்-ஆன்கள் ஓடின.

எப்படி ஓடின? பஸ் பாசில் தேதி முடிந்தால் கண்டக்டர் ஏற்றமாட்டார். ஆனால் ஆளும் அதே ஆள், பஸ்சும் அதே பஸ். அங்கேயும் தேதிதான் தடையாக இருந்தது. 2012 ஜனவரியில் வந்த 10-வது பதிப்பு முதல், பெரும்பாலான ஆட்-ஆன்களுக்கு அந்த எண்ணை பிரவுசரே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கதவு மூடியது

2016 ஆகஸ்டில் 48-வது பதிப்பு வந்தது. தயாரிப்பாளரான "மொசில்லா"வின் முத்திரை இல்லாத ஆட்-ஆனை வழக்கமான பயர்பாக்ஸ் அடியோடு மறுத்தது. மூட்டையைப் பிரித்து எண்ணைத் திருத்தினால் முத்திரை உடைந்துபோகும். பழைய வித்தை அங்கே செல்லவில்லை.

2017 நவம்பர் 14-ந் தேதி 57-வது பதிப்பு வந்தது. இம்முறை பஸ்சே மாறிவிட்டது. புது முறையில் திருப்பி எழுதப்படாத ஆட்-ஆன்கள் அனைத்தும் நின்றுபோயின.

இந்தக் கண்டிப்புக்குக் காரணமும் உண்டு. பழைய முறை ஆட்-ஆன், பிரவுசரின் எந்த மூலைக்கும் போய்வர முடியும். கெட்டவன் கையில் கிடைத்தால் பாஸ்வேர்டும் போய்விடும். பிரவுசரின் உள் அமைப்பை மாற்றவும் அது முட்டுக்கட்டையாக இருந்தது. "குரோம்" பிரவுசரிலும் 2024, 2025-ம் ஆண்டுகளில் இரண்டாம் முறை ஆட்-ஆன்கள் விலக்கப்பட்டு, மூன்றாம் முறைக்கு மட்டும் இடம் என்று ஆனது.

இப்போது என்ன செய்யலாம்?

முதலில், அதே வேலையைச் செய்யும் புது ஆட்-ஆன் இருக்கிறதா என்று பிரவுசரின் சொந்த ஆட்-ஆன் பக்கத்தில் தேட வேண்டும். தமிழ் டைப் அடிக்க இப்போது ஆட்-ஆனே தேவையில்லை. விண்டோசிலும் செல்போனிலும் தமிழ் விசைப்பலகை கூடவே வருகிறது.

ஆபீசில் "இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்" இருந்தால்தான் திறக்கும் பழைய பக்கம் இருக்கிறதா? விண்டோஸ் 10-ல் அந்த பிரவுசர் 2022 ஜூன் 15-ந் தேதி ஓய்வு பெற்றுவிட்டது. ஆனால் "எட்ஜ்" பிரவுசருக்குள் "ஐ.இ. மோடு" என்று ஒரு வசதி உண்டு. "ஆக்டிவ்-எக்ஸ்" என்ற பழைய ஆட்-ஆன் வகையும் அதில் ஓடும். செட்டிங்சில் "டிபால்ட் பிரவுசர்" பகுதியில் அனுமதி கொடுத்து, பக்கத்தின் முகவரியைச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்த முகவரி 30 நாள்தான் நிற்கும். அடுத்த மாதம் பக்கம் திறக்கவில்லை என்றால் பதற வேண்டாம். மறுபடி சேர்த்தால் போதும்.

பழைய ஆட்-ஆனே வேண்டும் என்பவர்களுக்கு "சீமங்கி" பிரவுசர் இருக்கிறது. பழைய முறை ஆட்-ஆன்களில் சில அதில் ஓடும். ஆனால் யாரோ திருத்திக் கொடுத்த ஆட்-ஆனை மாட்டிய பிரவுசரில் பேங்க் கணக்கைத் திறக்கக் கூடாது. சம்பளப் பணம் விளையாட்டுப் பொருள் அல்ல.

எழுத்தைக் காப்பாற்றுங்கள்

எல்லாவற்றையும்விட அவசரமான வேலை வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த கடிதங்கள், சங்க உறுப்பினர் பட்டியல், கல்யாண மொய்க் கணக்கு எதுவும் கம்ப்யூட்டரில் இருக்கிறதா? அவற்றைப் படித்துக் காட்டும் கருவி இன்று இருக்கும், நாளை இருக்காது. "என்.எச்.எம். கன்வெர்ட்டர்" போன்ற மாற்றிகள் ஓடும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-ல் அதை ஏற்றுக்கொண்டது. எந்த பிரவுசர் வந்தாலும், எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும், யூனிகோடில் இருக்கும் கடிதத்தைப் படிக்க ஆட்-ஆன் எதுவும் வேண்டாம். மாற்றியபின் ஒரு பிரதியை பென்டிரைவிலும் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.